திரையில் வரும் போலீசும் ஸ்டேஷனில் இருக்கும் போலீசும்



ஐயாவின் நினைவாக ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவை நடத்திவருகிறோம். முன்னால் பேசியவர்கள் இலக்கியம் பேசினார்கள், நிலம் பேசினார்கள், உள் ஒதுக்கீடு பேசினார்கள். இந்த ஆண்டு நாம் டி.வி.யைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஐயா இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். பகலெல்லாம் தறி ஓட்டிவிட்டு, இரவில் காலனி மக்களுக்கு மனு எழுதிக்கொடுத்தவர் அவர். எந்த மனுவை எழுதினாலும் கார்பன் தாள் வைத்து ஒரு நகல் எடுத்துத் தன் மஞ்சப்பையில் வைத்துக்கொள்வார். "கண்ணு, குடுத்தது முக்கியமில்ல, குடுத்ததுக்கு நம்மகிட்ட என்ன இருக்குதுங்கறதுதான் முக்கியம்" என்பார். இன்று நாம் பேசப்போவதும் அதுதான்.

நம் பகுதியில் டி.வி. வந்த கதையில் இருந்தே தொடங்கலாம். முதலில் வந்தது பஞ்சாயத்து டி.வி. அது ஊரில் இருந்தது, காலனியில் இல்லை. ஒளியும் ஒலியும் பார்க்கப் போன நம் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்தார்கள், எவ்வளவு தள்ளி நின்றார்கள் என்பது இங்கிருக்கும் நாற்பது வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நம் வீட்டுக்குள், நம் திண்ணைக்கு நேராக, யாரும் எழுப்பிவிட முடியாத இடத்தில் உட்கார்ந்து நாம் டி.வி. பார்த்தோம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. அது ஒரு விடுதலைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்து முதலில் நம் வீட்டுக்குள் வந்தவர் யார் என்று பார்த்தால், போலீஸ்காரர்.

சோனியில் 1998-இல் 'சி.ஐ.டி.' தொடங்கியது. 2003-இல் 'கிரைம் பேட்ரோல்' வந்தது. தமிழ்ச் சேனல்களில் நடந்த குற்றங்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகள் இரவு நேரத்தைப் பிடித்தன. மாமியார் மருமகள் தொடரில்கூட போலீஸ் ஸ்டேஷன் வராத வாரம் இல்லை. பிறகு பெட்டி போய் செல்போன் வந்தது. 'விலங்கு', 'சுழல்', 'வதந்தி' மூன்றும் 2022 என்ற ஒரே ஆண்டில் வந்த போலீஸ் விசாரணைத் தொடர்கள். தறிப்பட்டறையிலும் கோழிப்பண்ணையிலும் இரவு ஷிப்ட் பார்க்கும் நம் பையன்கள் இவற்றை விடியவிடியப் பார்த்தார்கள். நாமும் பார்த்தோம். நன்றாக எடுக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. பார்க்காதீர்கள் என்று சொல்ல நாம் இங்கே வரவில்லை. பார்த்துப் பார்த்து நாம் எதை நம்பத் தொடங்கிவிட்டோம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறோம்.

சமூகவியல் படித்தபோது ஜார்ஜ் கெர்ப்னர் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் படித்தோம். டி.வி. ஒருவரை ஒரே நாளில் மாற்றிவிடாது, நாள்பட நாள்பட அதில் காட்டும் உலகத்தையே உண்மை உலகம் என்று நம்பவைக்கும் என்றார் அவர். அதிகம் பார்ப்பவர்கள் உலகம் உண்மையில் இருப்பதைவிடக் கொடியது என்று நினைத்து, பாதுகாப்புக் கேட்டு அதிகாரத்தின் பக்கம் சாய்கிறார்கள் என்பது அவர் வாதம். அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய 'சி.எஸ்.ஐ.' என்ற தடயவியல் தொடருக்குப் பிறகு இன்னொரு பேச்சும் எழுந்தது. ஜூரிகளாக உட்காரும் சாதாரண மக்கள் எல்லா வழக்கிலும் டி.என்.ஏ. எங்கே, கைரேகை எங்கே என்று கேட்கிறார்கள் என்று அரசு வழக்கறிஞர்கள் புலம்பினார்கள். மக்களின் எதிர்பார்ப்பு கூடியது உண்மை, ஆனால் தீர்ப்பே மாறிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வு செய்தவர்கள் பதில் சொன்னார்கள்.

நம் நாட்டில் ஜூரி இல்லை. அதனால் இந்தப் பிரச்சினை நமக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நமக்கும் ஜூரி உண்டு. டீக்கடை ஜூரி, பஸ் ஸ்டாப் ஜூரி. புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கும் ஜூரி. கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்வதா, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்வதா என்று தனக்குள் தீர்ப்பு எழுதும் ஒரு சாட்சி. வன்கொடுமை வழக்குகளில் பாதித் தீர்ப்பு இந்த ஜூரியிடமே முடிந்துவிடுகிறது.

இதை எங்கள் தோல்வி ஒன்றிலிருந்தே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் காலனிப் பையன் ஒருவனை, பைக்கில் ஊர்த்தெரு வழியாகப் போனான் என்று மறித்து அடித்தார்கள். சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அடி விழுந்த இடத்துக்கு எதிரே ஒரு கடை, கடை வாசலில் கேமரா. நாங்கள் ஐந்தாறு பேர் ஸ்டேஷனுக்குப் போனோம். புகாரை வாங்கிக்கொண்டார்கள், "போங்க, பாக்கறோம்" என்றார்கள். வெளியே வந்ததும் பையனின் அக்கா சொன்னாள்: "அதான் கேமராவுல இருக்குமுங்களேண்ணா, போலீஸ் எடுத்துப் பாத்தா எல்லாந் தெரிஞ்சுரும்." நாங்களும் தலையாட்டினோம். படித்தவர்கள், அமைப்பில் இருப்பவர்கள், நாங்களும்தான். கேமராப் பதிவைக் கைப்பற்றுங்கள் என்று எழுதிக் கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. திரையில் அதை யாரும் எழுதிக்கொடுப்பதில்லை அல்லவா? அதிகாரி உள்ளே வருவார், "புட்டேஜ் எடுங்க" என்பார், அடுத்த காட்சியில் முகம் பெரிதாகித் தெரியும். மூன்று வாரம் கழித்து நாங்கள் போய்க் கேட்டபோது, பழைய பதிவு அழிந்து அதன்மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. யாரும் அழிக்கவில்லை, இயந்திரம் தன் வேலையைச் செய்தது. எங்களிடம் ரசீதும் இல்லை. ஐயா அப்போது படுக்கையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நகல் எங்க கண்ணு?"

இதை இன்னொரு கேமராவோடு வைத்துப் பாருங்கள். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் கேமரா. 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தன்னோடு படித்த பெண்ணுடன் அந்த மலைக்கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடைத்தார். தற்கொலை என்று நம்பவைக்கக் கடிதமும் இருந்தது, அவரைப் பேசவைத்து எடுத்த காணொளியும் இருந்தது. ஒரு தொடருக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தன. ஆனால் அடுத்து நடந்தவை எந்தத் தொடரிலும் நடக்காதவை.

முக்கியக் குற்றவாளியான யுவராஜ், தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவை என்ற சாதி அமைப்பின் தலைவர். மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்தார். தலைமறைவு என்றால் ஒளிந்திருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அவர் வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பினார். தொலைக்காட்சியிலேயே பேட்டி கொடுத்தார். டி.வி. கண்டுபிடித்துவிட்ட ஆளைப் போலீஸ் கண்டுபிடிக்கவில்லை. வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா, நம் சமூகத்துப் பெண், 2015 செப்டம்பர் 18 அன்று தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். அடுத்த மாதம் 11-ஆம் தேதி யுவராஜ் நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்துக்குத் தானாக வந்து சரணடைந்தார். யாரும் துரத்திப் பிடிக்கவில்லை. ஆதரவாளர் கூட்டத்தோடு அவர் வந்த காட்சியை நாம் டி.வி.யில்தான் பார்த்தோம்.

நாமக்கல்லில் வழக்கு நடந்தால் நியாயம் கிடைக்காது என்று கோகுல்ராஜின் தாய் உயர்நீதிமன்றம் போனார். 2019-இல் வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கடைசியாக அவரோடு இருந்த முக்கியச் சாட்சியும் பிறழ்ந்தார். அந்தப் பெண்ணைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஊரில், அந்த வீட்டில், அந்த வயதில் அவர் எதற்கு நடுவே நின்றார் என்பது நமக்குத் தெரியும். மனிதர்கள் பேச முடியாமல் போன இடத்தில் கோயில் கேமரா பேசியது. 2022 மார்ச் 5 அன்று பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, மார்ச் 8 அன்று தண்டனை. யுவராஜுக்கு மூன்று ஆயுள். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் நேரில் திருச்செங்கோடு வந்து கோயிலையும் தண்டவாளத்தையும் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தார்கள்.

ஆக, கேமராதான் நீதி வாங்கித் தந்ததா? இல்லை தோழர்களே. எங்கள் பையன் வழக்கிலும்தான் கேமரா இருந்தது. பதிவைக் கைப்பற்ற வேண்டும், முறையான சான்றிதழோடு கோர்ட்டில் சேர்க்க வேண்டும், பதிவில் இருப்பவர் இன்னார் என்று நிறுவ வேண்டும், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் நூறு கேள்விக்கு அது தாக்குப்பிடிக்க வேண்டும். இவ்வளவும் நடந்ததற்குக் காரணம், உடலை வாங்க மாட்டோம் என்று சேலம் அரசு மருத்துவமனை வாசலில் நின்றவர்கள். எட்டு ஆண்டுகள் நடையாய் நடந்த ஒரு தாய். அவர் பக்கம் நின்ற வழக்கறிஞர்களும் இயக்கங்களும். இவர்கள் எல்லாம் திரைக்கதைக்கு உதவாதவர்கள். ஒரு தாய் மதுரைக்குப் பஸ் ஏறுவதை எத்தனை எபிசோடு காட்ட முடியும்?

திரையில் எல்லாம் விரைவில் முடிந்துவிடுகிறது. நாற்பது நிமிடத்தில் குற்றம், விசாரணை, கைது. நம் பக்கத்து மாவட்டத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-இல். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29-இல். முப்பத்தொரு ஆண்டு! அன்று பிறந்த குழந்தைக்கே குழந்தை பிறந்திருக்கும். நாற்பது நிமிட நீதிக்குப் பழகிய பிள்ளை, முதல் வாய்தா தள்ளிப்போனதும் "இதெல்லாம் ஆகாதுங்க" என்று எழுந்து போய்விடுகிறது. எதிர்த்தரப்பு காத்திருப்பது அந்த அலுப்புக்காகத்தான். சமாதானம் பேச ஆள் வருவதும் அந்த நேரத்தில்தான்.

திரையில் குற்றவாளி போலீசிடம் ஒப்புக்கொள்வதோடு கதை முடிகிறது. சட்டத்திலோ, போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமே ஆகாது. வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் எழுதியவனுக்கே தெரிந்திருக்கிறது, அந்த அறைக்குள் எப்படி ஒப்புக்கொள்ள வைப்பார்கள் என்று. நமக்குத்தான் மறந்துவிட்டது. அடித்தால்தான் உண்மை வரும் என்று நம் வீட்டிலேயே பேசிக்கொள்கிறோம். அடி யார் மேல் விழும் என்று யோசிப்பதில்லை. பக்கத்துக் காலனியில் சின்னப் பிள்ளைகள் திருடன் போலீஸ் விளையாடுவதைப் பார்த்தோம். போலீசாக நிற்க எல்லோருக்கும் ஆசை. திருடன் யார் என்று தகராறு வந்தது. கடைசியில் இருப்பதிலேயே கறுப்பான பிள்ளையைத் திருடன் ஆக்கினார்கள். கறுத்தவன், அழுக்குச் சட்டைக்காரன், காலனி, குப்பம், லுங்கி, இவையெல்லாம் குற்றத்தின் அடையாளம் என்று திரை சொல்லிக்கொடுத்ததை நம் பிள்ளை நம் பிள்ளைக்கே செய்கிறது. ஊரில் இருப்பவன் செய்தான் என்று மட்டும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

என்கவுன்டருக்கு வருவோம். ஐதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நால்வரை 2019 டிசம்பர் 6 அன்று, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில், போலீஸ் சுட்டுக்கொன்றது. மக்கள் போலீஸ்மேல் பூத்தூவினார்கள். நம் இளைஞர்களும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளிவந்தது. போலீஸ் சொன்ன கதையை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், கொல்லப்பட்டவர்களில் மூவர் சிறார்கள், பத்துக் காவலர்களைக் கொலை வழக்கில் விசாரிக்க வேண்டும் என்றது அறிக்கை. அன்று யாரும் பூத்தூவவில்லை. டிசம்பர் 6-இல் அண்ணலுக்கு மாலை போட்ட கையாலேயே அந்த ஸ்டேட்டஸையும் வைத்தோமே, அதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். விசாரணை இல்லாமல் கொல்லலாம் என்று அந்தத் துப்பாக்கிக்கு நாம் அனுமதி கொடுத்துவிட்டால், அது எந்தத் தெருப்பக்கம் திரும்பும்?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்சும் காவல்துறை அடித்ததில் இறந்தபோது, 'சாமி', 'சிங்கம்' படங்களை எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்கு வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். அந்த ஒப்புதலை நாம் மதிக்கிறோம். அதே வழக்கில் இன்னொன்றும் நடந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ரேவதி, நடந்ததை நடந்தபடி சாட்சி சொன்னார். காக்கிக்குள்ளும் மனசாட்சி உண்டு. ஆனால் அது திரையில் வருவதுபோல மீசை முறுக்கிக்கொண்டு, பறந்து அடித்துக்கொண்டு வரவில்லை. பயந்தபடியே உண்மையைச் சொன்னது.

நமக்காக எடுத்த படங்களையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. 'ஜெய்பீம்' 2021-இல் வந்தபோது நாம் அழுதோம், கொண்டாடினோம். 1993-இல் கடலூர் மாவட்டத்தில் காவலில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு வழக்கை உலகம் அறிந்தது. நல்லது நடந்தது. ஆனால் படம் பார்த்துவிட்டு வந்த நம் பிள்ளைகள் கேட்டது, "அப்படி ஒரு வக்கீல் நமக்குக் கிடைப்பாருங்களா?" என்றுதான். ராஜாக்கண்ணுவின் மனைவியைப் போல விடாமல் நிற்க நம்மால் முடியுமா என்று கேட்டவர்கள் குறைவு. சிங்கம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதும், கறுப்புக் கோட்டு வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதும் காத்திருப்புதான்.

திரையில் வராத சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, நமக்குப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிமேல் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, ஜாமீன் உட்பட வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் நம் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது நம் உரிமை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்புக் குழு கூட வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வைத்து, பதிவுகளை 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இவற்றில் ஒன்றாவது எந்தத் தொடரிலாவது வந்ததா? வராது. புகார் கொடுப்பவர் கதாநாயகனாக இருக்கும் தொடர் இன்னும் எடுக்கப்படவில்லை.

நம் அமைப்பு இந்த ஆண்டு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, ஒவ்வொரு காலனியாகப் போய் இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் பார்க்கும் தொடரையே சேர்ந்து பார்க்கப்போகிறோம். பார்த்து முடித்ததும் மூன்று கேள்வி. இதில் யார் அடி வாங்கினார்? அவர் பேரைக் கேட்டார்களா? இது நம் ஸ்டேஷனில் நடந்திருந்தால் நாம் என்ன எழுதிக்கொடுத்திருப்போம்? மூன்றாவது கேள்விக்குப் பதிலைப் பிள்ளைகளே தாளில் எழுத வேண்டும். சம்பவம் நடந்த நேரம், இடம், அங்கே இருந்தவர்கள், எதிரே இருக்கும் கேமரா, அந்தப் பதிவைக் கைப்பற்றக் கோரும் ஒரு வரி, தேதி, கையெழுத்து.

அடிபட்ட அந்தப் பையன் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான். முதல் காலனிக் கூட்டத்தை நடத்தப்போவது அவனும் அவன் அக்காவும்தான். அவனுக்கு நாங்கள் வாங்கித்தர முடியாமல் போன நீதிக்கு இது ஈடாகாது. அது எங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இப்போது கார்பன் தாள் கடைகளில் கிடைப்பது அரிது. பரவாயில்லை, செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஐயா கேட்ட கேள்வியை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

நகல் எங்கே?

ஜெய்பீம்.